கருந்துணியியல்: வெண்திட்டின் தோற்றமும் பரவலும் ஒழிப்பும்

ஆய்வுப் பொருளும் எல்லையும்

துவைத்துக் காய்ந்து மொட்டை மாடிக் கொடியிலிருந்து இறங்கி வரும் கறுப்புப் பேன்ட்டின் தொடையிலோ, பைத் தையலின் ஓரத்திலோ, கறுப்புச் சட்டையின் காலர் மடிப்பிலோ தென்படும் வெளிறிய தீற்றலே இவ்வாய்வின் பொருள். வீடுதோறும் இது கண்டுபிடிக்கப்படுகிறது. கண்டுபிடித்தவர் சத்தமும் போடுகிறார். ஆயினும் புலமை உலகம் இதைக் கண்டுகொள்ளவில்லை. பல்லி விழும் பலனுக்குப் பஞ்சாங்கத்தில் தனிப் பக்கம் உண்டு. கறுப்புத் துணியில் சோப்புத்தூள் விழும் பலனுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. இக்குறையை நீக்கும் பொருட்டுக் கருந்துணியியல் என்றொரு துறையை இக்கட்டுரை முன்மொழிகிறது.

ஆய்வின் எல்லை கறுப்பு, கருநீலம், கரும்பச்சை, அடர் மெரூன் ஆகிய நிறங்கள். சாம்பல் நிறம் விலக்கப்பட்டது. அதில் திட்டு விழுந்தாலும் துணியின் டிசைனே அப்படித்தான் என்று சாதித்துவிட முடியும். வெள்ளை வேட்டியும் விலக்கப்பட்டிருக்கிறது. அந்த விலக்கு நியாயமற்றது என்பது பின்னால் தெரியவரும்.

முதன்மைச் சான்று, காய்ந்த துணி. துணைமைச் சான்று, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டில் நடக்கும் உரையாடல். வகைமாதிரிக்கு ஒன்று:

"என்னங்க இது, பேன்ட் பூரா திட்டுத் திட்டா?"

"மெஷின்ல போட்டது நீதானே?"

"துணியைப் போட்டது நான். பவுடரை அள்ளிக் கொட்டினது யாரு?"

துணி, இயந்திரம், அள்ளிக் கொட்டிய கை என்று மூன்று கூறுகள் இவ்வுரையாடலில் முறையாக இடம்பெற்றுவிட்டன. நான்காவது கூறாகிய தண்ணீரைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. இவ்வாய்வு அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

கல்வெட்டாய்வாளர்கள் கல்லின் மீது ஈரத்தாளை ஒற்றி, மை தடவி எடுக்கும் மைப்படியில், வெட்டிய எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் வரும். துவைத்த கறுப்புப் பேன்ட்டும் அவ்வகை ஆவணம்தான். எந்தத் தண்ணீர், எத்தனை வாளி, எந்த இயந்திரம், அன்றைக்கு வீட்டில் யார் அவசரத்தில் இருந்தார்கள் என்பதெல்லாம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

கறுப்பு அணிவோர்

மங்கல காரியங்களுக்குக் கறுப்பு ஆகாது என்று பெட்டியின் அடியில் தள்ளிய சமூகம் நம்முடையது. ஆனாலும் உலகில் வேறெங்கும் காணாத ஓர் ஒற்றுமையைக் கறுப்பு இங்கே சாதித்திருக்கிறது. கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட ஐயப்ப பக்தர் 41 நாள் மண்டல விரதத்தில் கறுப்பு வேட்டி கட்டுகிறார். 1945இல் பெரியார் கருஞ்சட்டைப் படையைத் தொடங்கிய நாள் முதல் இறை மறுப்பாளரும் கறுப்புச் சட்டை போடுகிறார். இருவருக்கும் நடுவே வழக்கு வந்தால் நடத்தி வைக்க, கறுப்புக் கோட்டோடு வழக்கறிஞர் நிற்கிறார். கொள்கையில் மூவரும் சேரவே மாட்டார்கள். திட்டாகப் படியும் கால்சியம் கார்பனேட் மூவரிடமும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது.

இவர்களுள் அதிகம் பாதிக்கப்படுபவர் ஐயப்ப பக்தரே என்பது இவ்வாய்வின் துணிபு. இரண்டு செட் வேட்டி துண்டை வைத்துக்கொண்டு மண்டலம் முழுவதையும் ஓட்டுகிறார். காலையும் மாலையும் குளியல், குளித்த கையோடு துவைப்பு, அதுவும் விடியுமுன் குழாயடியில் ஒற்றை பல்பு வெளிச்சத்தில். அந்த வெளிச்சத்தில் அலசிய துணியில் எது மிச்சம் என்று சாமிக்கும் தெரியாது, சாமிமாருக்கும் தெரியாது. வழக்கறிஞருக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர்த்த மற்ற நீதிமன்றங்களில் கோடைக் காலத்தில் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. கறுப்பு லெக்கிங்ஸ் அணியும் கல்லூரி மாணவிக்கும், கருநீலக் கால்சட்டை போடும் பள்ளிப் பிள்ளைக்கும் எந்த விதியும் துணைக்கு வருவதில்லை.

முன்னாய்வுகள்

குறுந்தொகையின் 330ஆம் பாடலில் துணி வெளுக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். துணியைப் பசையில் தோய்த்தெடுத்து, அடித்து, குளிர்ந்த குளத்து நீரில் இடுகிறாள். முறுக்கிய துணி நீருக்குள் பிரியாமல் பருத்த திரியாகவே கிடக்கிறது. கட்டவிழும் வெண்ணிறப் பகன்றைப் பூவுக்கு அதை உவமையாக்குகிறார் புலவர். உரை எழுதியவர்கள் எல்லோரும் பூவைப் பார்த்தார்கள். கருந்துணியியலார் பார்க்க வேண்டியது திரியை. முறுக்கிக் கிடக்கும் துணியின் மடிப்புக்குள் தண்ணீர் புகாது. உள்ளே மாட்டிய பசையும் வெளியே வராது. டாப்லோடு இயந்திரத்தில் நைட்டியின் நாடாவும் பேன்ட்டின் இரு கால்களும் பின்னிக்கொண்டு, பிரிக்க இரண்டு ஆள் வேண்டியிருக்கும் நிலையும் இதேதான். சங்கப் பெண்ணின் துணி வெள்ளை. அதனால் பசை மிச்சம் பற்றிப் புகார் ஏதும் பதிவாகவில்லை. கறுப்புத் துணியாக இருந்திருந்தால் அப்பாடல் குறிஞ்சி, மருதம் எதிலும் அடங்காத தனித் திணையாகியிருக்கும்.

அதற்குப் பிறகு சலவை பற்றிய அறிவு முழுவதும் வெள்ளைத் துணிக்கே செலவழிக்கப்பட்டது. உவர்மண்ணில் தோய்த்துப் பானையில் அடுக்கி ஆவி கட்டும் வெள்ளாவி, வெள்ளைக்காக. நீலம் போடுவது, வெள்ளைக்காக. 1888இல் கல்கத்தா துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக வந்திறங்கிய சன்லைட் சோப்பு, 1959இல் வந்த சர்ஃப், 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தன் கையாலேயே கலந்து சைக்கிளில் விற்கத் தொடங்கிய நிர்மா, 1983இல் கேரளத்திலிருந்து கிளம்பிய உஜாலா ஆகிய எல்லாமே வெள்ளையைத்தான் வாக்களித்தன. நிர்மா பாக்கெட்டில் சுழலும் சிறுமியின் உடை வெள்ளை. ரின் விளம்பரத்தில் ஒருவர் இன்னொருவரின் சட்டையைப் பார்த்துப் பொறாமைப்பட்டதும், அது தன் சட்டையைவிட வெள்ளையாக இருந்ததால்தான். பக்கத்து வீட்டுக்காரரின் சட்டை தன் சட்டையைவிடக் கறுப்பாக இருக்கிறதே என்று ஏங்கியவர் ஒருவரையும் தொலைக்காட்சி நமக்குக் காட்டியதில்லை.

இந்த வெள்ளை மோகத்தின் உச்சம் ஒளியூட்டிகள். 1929இல் பால் கிரைஸ் என்ற ஜெர்மானியர், குதிரைக் கஷ்கொட்டை மரத்திலிருந்து எடுக்கும் எஸ்குலின் என்ற பொருளில் நனைத்த துணி கூடுதல் வெண்மையாகத் தெரிவதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு நீல ஒளியாகத் திருப்பித் தரும் வித்தை அது. இன்றைய சோப்புத்தூள்களில் இதன் செயற்கை வாரிசுகள் இருக்கின்றன. அலசினாலும் போகாமல் பருத்தி நூலில் ஒட்டிக்கொள்வதே அவற்றின் வேலை. வெள்ளைச் சட்டைக்கு அது நகை. கறுப்புச் சட்டையோ நாளாக நாளாகச் சற்றே மங்கிக்கொண்டு வரும். புற ஊதா விளக்கின் கீழே நின்றால் நீலமாக மினுங்கும். கறுப்புத் துணிக்கென்று தனித் திரவம் வாங்குகிறவர்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள் என்று கேலி செய்வோர் இதைக் கவனிக்க வேண்டும். அவ்வகைத் திரவங்களில் பொதுவாக ஒளியூட்டி சேர்ப்பதில்லை.

கருதுகோள்

சோப்புத்தூளை நாம் அழுக்குக்கு ஏற்ப அளப்பதில்லை, தண்ணீருக்கு ஏற்பவும் அளப்பதில்லை. மனத்திருப்திக்கு ஏற்பவே அளக்கிறோம். திட்டு அந்த மனத்திருப்தியின் படிவு.

வேதியியல்

ஒரு கைப்பிடி சோப்புத்தூளில் அழுக்கை எடுக்கும் பொருள் கொஞ்சம்தான். அதன் மூலப்பொருளான லேப் சென்னை மணலியில் தயாராகிறது. கூடவே வரும் சோடா சாம்பல், அதாவது சலவைச் சோடா, தூத்துக்குடியில் உப்பிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கறுப்புப் பேன்ட்டின் திட்டில் வடதமிழகமும் தென்தமிழகமும் கைகோத்து நிற்க வாய்ப்பு உண்டு. இவற்றோடு இடத்தை நிரப்பும் சோடியம் சல்பேட், ஒளியூட்டி, வாசனை, சிலவற்றில் ஜியோலைட் ஆகியன சேரும்.

ஜியோலைட்டின் கதை தனி. பாஸ்பேட் கலந்த சோப்புத்தூளின் கழிவால் ஏரிகளில் பாசி மண்டியதைக் கண்ட ஐரோப்பியர்கள் மாற்றுப் பொருள் தேடினார்கள். 1970களில் ஜெர்மனியின் ஹென்கல் நிறுவனம் ஜியோலைட்டை முன்னுக்குக் கொண்டுவந்தது. தண்ணீரின் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நல்ல பிள்ளை அது. ஒரே குறை, தண்ணீரில் கரையாது. சில மைக்ரான் அளவுள்ள வெண்துகளாகவே பிறந்து, வெண்துகளாகவே வாழ்ந்து, நன்றாக அலசினால் சாக்கடைக்குப் போகும். அலசாவிட்டால் பேன்ட்டுக்கு வரும். ஏரியைக் காப்பாற்றிய பொருள் என்பதால் அதன் மீது இக்கட்டுரைக்குக் கோபமில்லை.

கட்டி சோப்பு வகையறாவில் வேறு வில்லங்கம். துணி துவைக்கும் கட்டியில் கால்சைட், டோலமைட், சீனக் களிமண் என்று கரையாத நிரப்பிகள் சேர்க்கப்படுகின்றன. கட்டி கட்டியாக நிற்கவே அவை தேவை. கறுப்புப் பேன்ட்டை விரித்து, கட்டியை நேராக அதன் மேலேயே அழுத்தி இழுத்தால், தையல் ஓரங்களிலும் பெல்ட் பட்டையிலும் களிமண்ணைப் பூசியதாக ஆகிறது. கையில் தேய்த்து நுரையை மட்டும் துணிக்குக் கொடுக்கும் பழைய முறையே சரி.

இனி தண்ணீர். சென்னையின் பல பகுதிகளில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும்தான் கடினத்தன்மை எனப்படுவது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. பொறுத்துக்கொள்வது என்பது குடிப்பவருக்கு. பேன்ட்டை யாரும் கேட்கவில்லை. 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள 15 லிட்டர் வாளித் தண்ணீரில், கால்சியம் கார்பனேட் கணக்கில் 9 கிராம் இருக்கிறது. முழுவதும் துணியில் படியாது. படிகிற பங்கே போதும். சோப்புத்தூளின் சோடா சாம்பல் தண்ணீரின் கால்சியத்தைச் சந்தித்ததும் இரண்டும் சேர்ந்து கரையாத கால்சியம் கார்பனேட் ஆகின்றன. பச்சையாகச் சொன்னால் சுண்ணாம்புக்கல். எண்ணெயிலிருந்து செய்த பழைய வகைச் சோப்பாக இருந்தால் கால்சியத்தோடு சேர்ந்து பிசுபிசுத்த சாம்பல் கசடாகிறது. பாத்ரூம் வாளியின் உட்புறத்தில் விரலை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது நன்றாகப் பழக்கம்.

உப்புத் தண்ணீரில் நுரை வராது. நுரை வராவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று தனியாகக் கள ஆய்வு தேவையில்லை: இன்னொரு கரண்டி. கூடுதல் தூள் கூடுதல் சோடா சாம்பல்; கூடுதல் சோடா சாம்பல் கூடுதல் சுண்ணாம்பு. நுரை என்பது காற்று அடைத்த சோப்புத் தோல் மட்டுமே, அது அழுக்கை எடுப்பதில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் நுரைக் கொள்கையினரை அசைக்க முடியாது. பக்தி போன்றதொரு நிலைப்பாடு அது. ஃப்ரன்ட்லோடு இயந்திரத்தில் இவர்கள் செய்யும் சேதம் அதிகம். அங்கே துணி மேலே போய்க் கீழே விழுந்து அடிபட்டால்தான் அழுக்குப் போகும். நுரை மெத்தையாக நிரம்பிவிட்டால் துணி விழுவதே இல்லை. மெத்தையில் புரண்டுவிட்டு வெளியே வருகிறது.

ஈரத்தில் மறைவதும் காய்ந்தால் வெளிப்படுவதும்

எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரர் இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர். திட்டு விழுந்த பேன்ட்டைக் கொடுத்தபோது அவர் சொன்னது: "தண்ணி தெளிச்சா போயிடும் சார். காஞ்சா திரும்ப வந்துடும். நான் ஒண்ணும் பண்ணல, அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது."

இதிலுள்ள ஒளியியல் துல்லியமானது. வெண்துகள் வெள்ளையாகத் தெரிவது அதன் மேல் படும் ஒளி நாலாபுறமும் சிதறுவதால். துகளின் ஒளிவிலகல் எண்ணுக்கும் அதைச் சுற்றியிருக்கும் பொருளின் ஒளிவிலகல் எண்ணுக்கும் இடைவெளி எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குச் சிதறல் அதிகம். காற்றுக்கு ஏறத்தாழ 1, தண்ணீருக்கு 1.33, இத்தகைய துகள்களுக்கு ஏறத்தாழ 1.5 அல்லது அதற்கும் சற்று மேல். ஈரத்தில் இடைவெளி குறைவு, ஆகவே துகள் ஒளிந்துகொள்கிறது. காய்ந்து காற்று சூழ்ந்ததும் வெளியே வருகிறது. ஈர வாசலில் போட்ட மாக்கோலம் முதலில் மங்கலாக இருந்து, காயக் காயப் பளிச்சென்று எழும்புவதும் இதே கணக்குத்தான்.

இதனால் ஒரு சட்டச் சிக்கல் எழுகிறது. குற்றம் காலை ஏழு மணிக்கு நடக்கிறது; தெரியவருவதோ பிற்பகல் நான்கு மணிக்கு, துணி எடுக்கப் போகும்போது. இடையில் வாளி கவிழ்க்கப்பட்டிருக்கும், தண்ணீர் வடிந்திருக்கும், தூள் டப்பா மூடியிருக்கும். தடயம் எதுவும் கிடைக்காது. மாடிக்குப் போய்த் துணி எடுத்து வந்தவரே முதல் சந்தேகத்துக்கு ஆளாகிறார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அதே தூள், அதே தண்ணீர், அதே அவசரம் வெள்ளை வேட்டியிலும் வேலை செய்திருக்கிறது. அதே அளவு துகள் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளையில் வெள்ளை தெரியவில்லை, அவ்வளவுதான். துவைத்த துண்டு மொரமொரவென்று இருப்பதற்கும், பனியன் ஓரத்தில் அரிப்பெடுப்பதற்கும் இந்த மிச்சமும் ஒரு காரணம். ஆக, கறுப்புத் துணி தவறு செய்வதில்லை, வாக்குமூலம் கொடுக்கிறது. ஆய்வின் எல்லையிலிருந்து வேட்டியை விலக்கியது நியாயமற்றது என்று முன்பு சொன்னது இதனால்தான்.

போலித் திட்டுகள்

வெள்ளையாக இருப்பதெல்லாம் சோப்புத்தூள் அல்ல. மே மாதத்தில் பேருந்தில் நின்றுகொண்டே வந்தவரின் கறுப்புச் சட்டை முதுகில் வளைவு வளைவாக ஏறியிருக்கும் கோடுகள் வியர்வை உப்புப் பூத்தவை. வெறும் தண்ணீரில் கரைந்துவிடும். கறுப்புப் பேன்ட்டோடு வெள்ளைப் பூத்துவாலையைச் சேர்த்துப் போட்டால் ஒட்டுவது பஞ்சு. விரலால் எடுத்தால் இழையாக வரும். சட்டைப் பையில் மறந்துபோன பஸ் டிக்கெட் அல்லது மளிகைச் சீட்டு பொடிப்பொடியாகி எல்லாத் துணிக்கும் சமமாகப் பங்கிடப்படுவது இன்னொரு வகை. இதில் குற்றவாளியின் அடையாளம் உடனே தெரிந்துவிடுவதால் ஆய்வுக்கு இடமில்லை. ஜீன்ஸின் மடிப்புகளில் நிரந்தரமாகத் தெரியும் வெளிர்கோடு சாயம் தேய்ந்தது. அவுரிச் சாயம் நூலின் மேற்பரப்பில் மட்டுமே பிடித்திருப்பதால் தேயத் தேய உள்ளிருக்கும் வெள்ளை தெரிகிறது. அதை எந்த அலசலாலும் திருத்த முடியாது. கடையில் அதையே கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்.

உண்மைத் திட்டைச் சோதிக்கும் முறை எளிது. காய்ந்த துணியை உதறினாலோ பிரஷால் தட்டினாலோ பொடியாக உதிர்ந்தால் கரையாத தூள். தட்டினால் போகாமல், துளி வினிகர் பட்டதும் மறைந்து, காய்ந்த பிறகும் வராவிட்டால் சுண்ணாம்பு. தொட்டால் மெழுகுபோல வழுக்கினால் சோப்புக் கசடு, அல்லது கம்ஃபர்ட் வகைத் திரவத்தைத் தண்ணீரில் கலக்காமல் நேரே துணி மீது ஊற்றிய கைங்கரியம்.

அலசல் பற்றிய கணிதம்

இவ்வாய்வின் நடுப்பகுதி இதுவே. பாட்டிமார் "மூணு தண்ணி அலசு" என்று சொன்னதைப் பழைய பழக்கம் என்று தள்ளியவர்கள் இக்கணக்கைப் பார்க்கட்டும்.

பிழிந்த துணியில் ஒரு லிட்டர் சோப்புத் தண்ணீர் மிச்சம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கையில் அலசத் தண்ணீர் 27 லிட்டர். அதை ஒரே தொட்டியில் ஊற்றி ஒரே முறை அலசிப் பிழிந்தால், மொத்தம் 28 லிட்டரில் ஒரு லிட்டர் துணியோடு வரும். சோப்பில் 28இல் ஒரு பங்கு மிச்சம். அதே 27 லிட்டரை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து மூன்று முறை அலசி, ஒவ்வொரு முறையும் பிழிந்தால், ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு என்று குறைந்து, கடைசியில் 1000இல் ஒரு பங்குதான் மிச்சம். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாகச் செலவாகவில்லை. தொடக்கத்திலிருந்தே சோம்பல்பட்டுச் சரியாகப் பிழியாமல், மூன்று லிட்டர் நிற்கும்படி சொட்டச் சொட்டப் போட்டால், ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு பங்கு மிஞ்சும் என்று ஆகி, 64இல் ஒரு பங்கில் வந்து நிற்கும். பிழிவதில் உள்ள சோம்பலுக்கு விலை பதினைந்து மடங்குக்கு மேல். கரைந்து கிடக்கும் சோப்புக்குத்தான் இக்கணக்கு அப்படியே பொருந்தும். கரையாத துகளுக்கு இது தாராளக் கணக்கு, ஏனெனில் அது மடிப்பில் மாட்டிக்கொள்ளும். பாட்டிமார் துணியை ஒவ்வொரு தண்ணீரிலும் விரித்து உதறியது அதற்காகத்தான்.

உப்புத் தண்ணீர் வீடுகளில் முதல் அலசலுக்கு முன் பிழிவது இன்னும் முக்கியம். சோடா சாம்பல் நிறைந்த சோப்புத் தண்ணீரோடு துணியை எடுத்துப் புதிய கடினத் தண்ணீரில் முக்கினால், புதிய கால்சியம் வந்து அந்த இடத்திலேயே, நூலுக்குள்ளேயே சுண்ணாம்பாகிறது. அலசும்போதே அழுக்காக்கும் அரிய செயல்.

2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, நகரத்து வீடுகள் முதலில் கைவைத்தது அலசும் வாளிகளில்தான். குளியலைக் குறைத்தால் வெளியே தெரியும். அலசலைக் குறைத்தால் தெரியாது என்று நினைத்தார்கள். கறுப்புப் பேன்ட் போட்டவர்களுக்குத் தெரிந்தது. ஏரி நிரம்பிவிட்டது, மூன்றாம் வாளி பல வீடுகளுக்குத் திரும்பி வரவில்லை.

ஒழிப்பு முறைகள்

தூளைத் துணி மீது தூவக் கூடாது. ஒரு மக் வெந்நீரில் முழுக்கக் கரைத்து, அடியில் தங்கும் வண்டலை விட்டுவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். செமி ஆட்டோமேட்டிக்கில் தண்ணீரை விட்டு, கரைசலை ஊற்றி, ஒரு சுற்று வெறுமே சுற்ற விட்ட பிறகே துணியைப் போட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் தூள் கரையாது என்ற சாக்கு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பொருந்தும். சித்திரை மாதத்தில் சென்னை மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரில் காபித்தூள்கூட டிகாக்‌ஷன் இறங்கும். அங்கே அந்தச் சாக்கு செல்லாது.

ஃப்ரன்ட்லோடு வைத்திருப்பவர்கள் தூள் போடும் இழுப்பறையை இழுத்துப் பார்க்க வேண்டும். தொட்டி இருக்கும் அதே மாடியில் இயந்திரமும் இருந்தால் தண்ணீர் வேகமாக வராது. தூள் இழுப்பறையிலேயே கெட்டிப்பட்டு, அடுத்த முறை கட்டியாக உள்ளே விழும். அந்த வீடுகளுக்குத் திரவமே மேல். டிரம்மைத் திணிக்காதீர்கள். துணிக்கு மேலே ஒரு கை தாராளமாகப் போய் வர இடம் இருக்க வேண்டும். துணியை உள்வெளியாகத் திருப்பிப் போடுவது திட்டைத் தடுக்காது, ஆனால் விழும் திட்டு உட்புறமாக விழும்; இது தீர்வா, மறைப்பா என்பது தத்துவத் துறைக்குரிய கேள்வி. எக்ஸ்ட்ரா ரின்ஸ் என்ற பொத்தான் அலங்காரத்துக்கு வைக்கப்பட்டதல்ல.

ஏற்கனவே திட்டு விழுந்த துணிக்கு, ஒரு வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர், அல்லது ஒரு கரண்டி எலுமிச்சை உப்பு. கால் மணி நேரம் ஊறவைத்து நல்ல தண்ணீரில் அலசினால் சுண்ணாம்பு கரைந்து போகும். அமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கரைத்துக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. அதே வாளியில் ப்ளீச்சிங் பவுடர் மட்டும் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், அது விளையாட்டில்லை. தூளைக் கரைக்க மனமில்லாதவர்களுக்குப் பழைய வழி ஒன்று உண்டு: பட்டுச் சேலைக்குப் பயன்படுத்தும் பூந்திக்கொட்டைத் தண்ணீர். அதில் சோடாவும் இல்லை, ஒளியூட்டியும் இல்லை. அழுக்கு மிகுந்த பேன்ட்டுக்கு அதன் வலு போதாது. ஒரு நாள் அலுவலகம் போய்வந்த சேலைக்குப் போதும்.

தீர்ப்பு

சோப்புத்தூள் பாக்கெட்டின் முதுகில் எவ்வளவு துணிக்கு எவ்வளவு தூள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த எழுத்தைத் தமிழகத்தில் எவரும் படித்ததற்கான சான்று இவ்வாய்வுக்குக் கிடைக்கவில்லை. பாக்கெட் வீட்டுக்குள் வந்ததும் டப்பாவில் கொட்டப்பட்டு, அட்டை குப்பைக்குப் போகிறது. டப்பாவுக்குள் எப்போதோ காலியான ஹார்லிக்ஸின் கரண்டி கிடக்கிறது. ஆகவே இயந்திரம், துணி, இஸ்திரிக்காரர், மாடியிலிருந்து துணி எடுத்து வந்தவர் ஆகிய அனைவரும் விடுவிக்கப்படுகிறார்கள். குற்றவாளி கரண்டி. வாசகர்கள் அடுத்த முறை கறுப்புத் துணி துவைக்கும் நாளில் அந்தக் கரண்டியைப் பாதியோடு நிறுத்தி, மிச்சப்பட்ட தூளுக்குப் பதிலாக ஒரு வாளித் தண்ணீரை அலசக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்; பையைத் துழாவி பஸ் டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள்.